முனைக்குச் செலவிடுங்கள்

ரிமோட் காருக்குப் புதிதாக வருகிறவர்கள் பெட்டி நிறைய மலிவு டூல் செட் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான். 1/10 அளவு கார்களில் பெரும்பாலும் தேவைப்படுவது 1.5, 2, 2.5 மி.மீ. ஆலன் கீக்களும், சக்கர நட்டுக்கு 7 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனரும்தான். அந்த மூன்று முனைகளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நல்ல கடினமான எஃகாக இருக்கட்டும். கைப்பிடி எப்படியிருந்தாலும் பரவாயில்லை. மோட்டாரின் சிறு பல்சக்கரத்தை இறுக்கும் ஸ்க்ரூவுக்குப் பெரும்பாலும் 1.5தான். மட்டமான முனை அங்கே ஒருமுறை வழுக்கினாலும் அறுகோணக் குழி மழுங்கிவிடும், அப்புறம் துளைபோட்டு எடுக்கிற பாடு. தாமியா நிறுவனத்தின் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அதன் கூட்டல்குறி ஸ்க்ரூக்கள் ஜப்பானியத் தரத்தவை (ஜே.ஐ.எஸ்.), வழக்கமான ஸ்க்ரூடிரைவர் அதில் சரியாக உட்காராது. ஜே.ஐ.எஸ். முனை ஒன்று தனியே வாங்குங்கள். குறடும் கத்தரியும் வீட்டில் இருப்பதே போதும்.