மின்வினைஞரும் சான்றும்

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். அங்குள்ள பட்டாசு ஆலைகளில் மருந்து கையாளும் அறைக்குள் புகும் தொழிலாளர், நிலத்தோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்ட பின்னரே உள்ளே செல்வர். உடலில் தங்கிய மின்னேற்றம் அதன் வழியே நிலத்துள் இறங்கிவிடும். சிறு பொறியும் பேரழிவு விளைக்கும் என்பதை அவர்கள் அறிவர். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தை அவ்வட்டாரம் இன்னும் மறந்திலது. உரிமமின்றி ஆலை நடத்தலாகாது என்பதில் அங்கு எவரும் மாறுபடார்.

அத்தொழிலாளர் மாலையில் வீடு திரும்புகின்றனர். அங்கே 230 வோல்ட்டு மின்சாரம் ஓடுகின்றது. சுவரிலுள்ள பிளக்கின் மூன்றாம் துளைக்குக் கம்பியே இல்லாத வீடுகள் உண்டு. “விளக்குத்தான் எரிகின்றதே, நிலக்கம்பி எதற்கு?” என்று சொல்லிச் சென்றவர், குறைந்த கூலிக்குக் கிடைத்த யாரோ ஒருவர்.

1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே, மனைகளில் மின்னமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரைக் கொண்டு, தகுதிச்சான்று உடையவர் மேற்பார்வையில் செய்விக்க வேண்டும் என்றன. பின்னர் விதிகள் மாறியும் அக்கட்டளை மாறவில்லை. பல்பு மாற்றுதல், பழுதான சுவிட்சுக்கு ஈடாக வேறொன்று பொருத்துதல் முதலிய சிறு வேலைகளுக்கு விலக்கு உண்டு. சட்டம் அத்துணைக் கொடியதன்று.

“சான்று வெறுந்தாள், கைத்திறன் தாளிலா இருக்கின்றது?” என்பார் உளர். அவர் கூற்று முற்றிலும் பொய்யன்று. தந்தையிடமும் தமையனிடமும் தொழில் கற்றுச் செம்மையாகச் செய்வோர் எவ்வூரிலும் உளர். ஆயின் அவர்க்கும் கதவு அடைக்கப்படவில்லை. அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வில், 21 வயதும், 5 ஆண்டுக்குக் குறையாத செய்முறைப் பட்டறிவுமே முதன்மையாகக் கேட்கப்பெறுகின்றன. கைவல்லாரைத் தேர்வுக்குத் தூண்டாது அவர்தம் மலிந்த கூலியை மட்டும் விரும்புவது வீட்டுக்காரர் குற்றமே.

திறன் உடையாரும் கற்க வேண்டுவன உள. கரிசல் மண் சித்திரையில் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். உலர்ந்த மண்ணில் மின்சாரம் எளிதிற் பாயாது. ஆதலின் நிலக்கம்பிக் குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் நீரும் ஊற்றி வருதல் வேண்டும். இதனை அறியாதார் புதைத்த கம்பி கண்துடைப்பே. 30 மில்லி ஆம்பியர் கசிவை உணர்ந்த அளவிலேயே மின்சாரத்தைத் துண்டித்து உயிர் காக்கும் கருவி இன்று உண்டு. அதனையும் தவறாக இணைத்தால் பயனில்லை.

உரிமம் உடையார் ஒருவர் கையெழுத்திட, மற்றொருவர் வேலை செய்வதாயின் அவ்வுரிமத்தால் யாது பயன்? தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றைக் காட்டுமாறு கேட்டால் வந்தவர் வருந்துவாரோ என்று பெரியோர் கூசுகின்றனர். எழுத்தறியாப் பெற்றோர் உள்ள வீடுகளில், அதனைக் கேட்டு வாங்கி, பெயரையும் காலவரம்பையும் படித்துச் சொல்லும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம்.