சிறுமலையில் தெரிவது புகையா?

எல்லாப் பூட்டுகளும் இரும்பு. சில இரும்புகள் துருப்பிடித்தவை. ஆகவே, சில பூட்டுகள் துருப்பிடித்தவை. முடிவு பொருந்துமா?

பொருந்தும் என்றே வாய் முந்தும். நம் திண்டுக்கல்காரருக்கு இன்னும் வேகமாக முந்தும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டாயிற்றே, துருவேறியதைப் பார்க்காத வீடு உண்டா? ஆனால் விடை, பொருந்தாது. துருப்பிடித்த அந்தச் சில இரும்பும் ஜன்னல் கம்பியாகவே இருந்துவிடலாம். ஊரறிந்த உண்மைக்கு மாறாகத் தெரிந்தாலும் கூற்றை மெய்யென்றே கொள்ளவேண்டும் என்பது வங்கித் தேர்வு வினாத்தாளின் சட்டம். தெரிந்ததை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வட்டம் போட்டுப் பார்க்கிற பிள்ளைகளும் ஒரு படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முடிவைப் பொய்யாக்குகிற படம் ஒன்றாவது வரைய முடிகிறதா என்று தேடுவதுதான் வேலையே.

தேர்வறைக்கு வெளியிலும் இந்த ஓட்டை உண்டு. திண்டுக்கல் பிரியாணி சீரகச் சம்பாவில் செய்வது. இந்தக் கடைப் பிரியாணியும் சீரகச் சம்பா. ஆகவே இது திண்டுக்கல் பிரியாணி. நெடுஞ்சாலைப் பலகைகள் பலவற்றின் தர்க்கம் இவ்வளவுதான்.

இப்படிப் பிசகும் தர்க்கத்துக்குத் தமிழில் பழைய பாடமே உண்டு. குரூப் 4-க்குப் படிப்பவர்கள் மணிமேகலை என்றதும் சீத்தலைச் சாத்தனார், 30 காதைகள் என்று ஒப்பிப்பார்கள். 29-ஆம் காதைக்குள் யாரும் போவதில்லை. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையியல் பாடம் நடத்துவது அங்கேதான். மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. இவை முறையே பக்கம், ஏது, திட்டாந்தம். இவை பிசகும் வழிகளுக்கும் கணக்கு இருக்கிறது: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. வினாத்தாள் கேட்காததை அடிகள் கேட்கிறார்: நீ காட்டும் காரணமே மெய்தானா? ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டென்று துணிவதும் அவர் பட்டியலில் ஒரு போலி. மார்கழிக் காலையில் சிறுமலையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டாம்.

வங்கித் தேர்வின் இந்த வினா வாதத்தின் வடிவத்தை மட்டுமே சோதிக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் வதந்திகளில் வடிவம் பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கிறது, கூற்றுதான் பொய். அங்கே வட்டம் போட்டுப் பயனில்லை.

பயிற்சி மைய ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு மணி நேரம் இந்தக் காதைக்கு ஒதுக்குங்கள். நடை கடினம்தான்; ஆனால் உ.வே.சா. 1898-லேயே அச்சேற்றித் தந்துவிட்டார், உரைகளும் கிடைக்கின்றன.