மாண்டோர்மேல் பொய்ச்சாட்சி

பிறனுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி கூறலாகாதென்பது விவிலியத்தின் பத்துக் கட்டளைகளுள் ஒன்று. கொலையையும் களவையும் விலக்கிய அதே வரிசையில் அதுவும் நிற்பதன் காரணத்தை நீதிமன்றம் கண்ட நாம் அறிவோம். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பறிக்க அரசி யேசபேலுக்குப் படை தேவைப்படவில்லை. பொய்ச்சாட்சிகள் இருவரே போதுமானவராயினர்.

2006 ஜனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலையருகே, தமிழ் மாணவர் ஐவர் மாண்டனர். அவர்கள் கொணர்ந்த கைக்குண்டே வெடித்து அவர்களைக் கொன்றதென்றது படைத்தரப்பு. பிரேதப் பரிசோதனை கண்டதோ துப்பாக்கிக் காயங்கள்! அக்காயங்களைப் படம்பிடித்த செய்தியாளர் சுகிர்தராஜன் அம்மாதம் 24ஆம் நாளே சுட்டுக்கொல்லப்பட்டார்.

உயிருள்ளவன்மீது பழி சுமத்தினால் அவன் மறுத்துரைப்பான். மாண்டவன் எவ்வாறு மறுப்பான்? பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர், அவன் குண்டேந்தியவனல்லன் என்று ஊருக்கு மெய்ப்பிக்கவும் வேண்டியவராயினர். இதனினும் கொடுமை வேறுண்டோ?

பிறனுக்கு நினைத்த தண்டனையைப் பொய்ச்சாட்சிக்கே விதிக்கிறது உபாகமம். அவ்வளவு நாம் கேட்கவில்லை. 2013இல் கைதான அதிரடிப்படையினர் 13 பேரைப் போதிய சான்றில்லையெனத் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் 2019 ஜூலையில் விடுவித்தது. சான்றின்றித் தண்டனையில்லை என்ற விதியை நாமும் மதிக்கிறோம். அவ்விதி அந்த ஐவருக்கு மட்டும் இல்லையா? கைக்குண்டுக் கதைக்கு இருந்த சான்று எது? அதனை உரைத்தோர் சாட்சிக் கூண்டேறி விடை பகர்வது எந்நாள்?