மாசம் 47,000 லாபம்னு நான் தலையாட்டின கணக்கு

"அண்ணா, பேப்பர் போட்டுடவா?"

கேட்டது என் சித்தி பொண்ணு. சென்னையில ஒரு ஐடி கம்பெனியில மாசம் 58,000 சம்பளம். கூடவே ஒன்றரை வருஷமா இன்ஸ்டாகிராம்ல விண்டேஜ் துணி விக்கிறா. 80, 90கள்ல வந்த பிரிண்டட் சட்டை, பூனம் புடவை, டெனிம் ஜாக்கெட், எப்பவாவது ஒரு பெல்பாட்டம். நம்ம வீட்டுல அம்மா இதையெல்லாம் மூட்டை கட்டி, தெருவுல "பழைய துணிக்குப் பாத்திரம்"னு வர்றவர்கிட்ட கொடுத்து, அரை மணி நேரம் பேரம் பேசி ஒரு எவர்சில்வர் டப்பா வாங்குவாங்க. அதே பூனம் புடவையை இவ 1,150 ரூபாய்க்கு விக்கிறா. வாங்குறதுக்கும் ஆள் இருக்கு.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ ஒரு கணக்கு காட்டினா. மாசம் 62 பீஸ் விக்குது. சராசரி விலை 1,150. வாங்குற விலை சராசரி 380. ஒரு பீஸுக்கு 770 மிச்சம், மொத்தம் 47,740. கையில கரும்போட உக்காந்திருந்த நான், "பரவாயில்லையே, சம்பளத்துக்குப் பக்கத்துல வந்துட்டியே"ன்னு சொல்லித் தொலைச்சேன். ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் அண்ணன் சொல்லிட்டா அது ஆடிட் ரிப்போர்ட் மாதிரி ஆயிடும்னு எனக்குத் தோணல. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் இந்த போன் வந்துது. ராஜினாமா மெயில் டிராஃப்ட்ல ரெடியா இருக்காம்.

உடனே வங்கி ஸ்டேட்மென்ட்டை அனுப்பச் சொன்னேன்.

அவ மாசம் விக்கிறது 62. ஆனா வாங்குறது 110! நல்ல பீஸ் கண்ணுல பட்டா அப்பவே எடுத்துடணும், அடுத்த வாரம் போனா இருக்காது. இந்தத் தொழிலோட குணமே அதுதான். அதனால வாங்குற செலவு 23,560 இல்ல, 41,800. வாங்கின எல்லாத்தையும் துவைச்சு, அயர்ன் பண்ணி, பட்டன், ஜிப் மாத்த பீஸுக்கு 70 வீதம் 7,700. 'ஃப்ரீ ஷிப்பிங்'னு பெருமையா போட்டதுக்கு கூரியர் 5,580. பேக்கிங் 1,550. விளம்பரம் 4,500. 71,300 விற்பனையில இதெல்லாம் போக மாசக் கடைசியில கையில நின்னது 10,170 ரூபாய்.

சரி, விக்காத 48 பீஸும் சொத்துதானே? கேள்வி நியாயம்தான். புத்தகக் கணக்குல அதை அடக்க விலைக்கு, அதாவது 380-ம் 70-ம் சேர்த்து 450 வீதம், 21,600-ன்னு இருப்பா காட்டலாம். அப்போ லாபம் 31,770 ஆயிடும். ஆனா இருப்பை அடக்க விலை, விக்கக்கூடிய விலை ரெண்டுல எது குறைவோ அதுலதான் மதிப்பிடணும். விண்டேஜ்ல எனக்கு இருக்கிற பெரிய சந்தேகமே இங்கதான். புது சட்டை விக்கிற கடையில மிச்சம் இருக்கிற சட்டையும் வித்துப்போன சட்டையும் ஒண்ணுதான். இங்க ஒவ்வொண்ணும் ஒரே ஒரு பீஸ். போஸ்ட் போட்ட அஞ்சு நிமிஷத்துல நல்லது போயிடும். மிச்சம் நிக்கிறது எல்லாரும் பார்த்துட்டு வேணாம்னு ஒதுக்கினது. மாசாமாசம் அந்த ஒதுக்கின குவியல்தான் அவ பீரோவுல வளருது. அதை முழு அடக்க விலைக்கு எழுத என் கை வராது.

இப்போ நேரம். போட்டோ எடுத்து, மார்பு சுற்றளவு, தோள் அகலம் அளந்து, 'இன்னும் இருக்கா சிஸ்'க்கு எல்லாம் பதில் போட்டு, பார்சல் கட்ட ஒரு பீஸுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகுதாம். அதுவே 93 மணி நேரம். சரக்கு தேடி அலையுற நாலு ஞாயித்துக்கிழமை 24 மணி நேரம். 117 மணி நேரத்துக்கு 10,170. மணிக்கு 87 ரூபாய். ஆபீஸ்ல அவளுக்கு மணிக்கு 300-க்கு மேல வருது.

அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "87-ன்னாலும் அது என்னுதுண்ணா"ன்னா. இதுக்கு எக்ஸெல்ல பதில் இல்ல.

வேலையை விட்டா எதெல்லாம் போகும்னும் பார்த்தோம். கம்பெனியில அவளுக்கு நாலு வருஷம் மூணு மாசம் சர்வீஸ். கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷம் வேணும். பேசிக் 29,000, அதை 15-ஆல பெருக்கி, 26-ஆல வகுத்து, அஞ்சு வருஷத்துக்குப் போட்டா சுமார் 83,650 ரூபாய். இன்னும் ஒன்பது மாசம் பொறுக்காம விட்டா அது அப்படியே போச்சு. அந்தப் பணத்தை இந்தக் கடையில சம்பாதிக்க இப்போதைய வேகத்துக்கு எட்டு மாசத்துக்கு மேல ஆகும். சித்தியும் சித்தப்பாவும் இருக்கிறது கம்பெனியோட குரூப் இன்சூரன்ஸ்ல. சித்தப்பாவுக்கு சுகர். தனியா பாலிசி எடுக்கப் போனா பிரீமியம் என்ன வரும்னு நீங்களே விசாரிச்சுப் பாருங்க.

இனி வரிக்கு வருவோம். நிறைய பேர் கோட்டை விடுறது இங்க. "40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி வேணாம்ல சார்?" தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் பொருள் விக்கிறவங்களுக்குத்தான் அந்த 40 லட்சம். பெங்களூருக்கோ கொச்சிக்கோ வரிக்கு உட்பட்ட பொருளை அனுப்பினா, வெறும் ஒரு சட்டையா இருந்தாலும், வரவு எவ்வளவுன்னு பார்க்காம பதிவு பண்ணணும். கைவினைப் பொருளுக்கு ஒரு விலக்கு இருக்கு, கைத்தறி விக்கிறவங்க அதைத் தனியா கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. மில் துணி பூனம் புடவைக்கு அது ஒத்து வராது. என் தங்கச்சியோட கஸ்டமர்ல மூணுல ஒரு பங்கு பெங்களூர். கரும்பு கடிச்சுக்கிட்டு இருந்தப்போ இதையாவது நான் கேட்டிருக்கணும்.

பதிவு பண்ணினா பயப்பட ஒண்ணும் இல்ல. பழைய பொருள் விக்கிறவங்களுக்கு மார்ஜின் ஸ்கீம் இருக்கு, விதி 32(5). வித்த விலை முழுசுக்கும் இல்லாம, வித்த விலைக்கும் வாங்கின விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரைக்குமான துணிக்கு 5 சதவீதம், அதுக்கு மேல போனா 18. வரியையும் சேர்த்துத்தான் 1,150-ன்னு வச்சா, முழு விலைக்கு சுமார் 55 ரூபாய் கட்டணும். மார்ஜின் ஸ்கீம்ல சுமார் 37.

ஆனா இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். பட்டன் மாத்தலாம், துவைக்கலாம். பழைய புடவையை வெட்டி குர்த்தி தைச்சு வித்தா பொருளோட தன்மையே மாறிடுது, ஸ்கீம் கிடையாது. அடுத்தது, வாங்கின விலைக்கு ஆதாரம் வேணும். வீட்டுக்குப் போய் ஒரு பாட்டிகிட்ட எட்டு புடவை வாங்கினா பில் யார் கொடுப்பா? நீங்களே ஒரு வவுச்சர் புக் வச்சு தேதி, பேர், போன் நம்பர், தொகை எழுதி ஒரு கையெழுத்து வாங்கிடுங்க. யூபிஐல பணம் அனுப்பினா இன்னும் நல்லது. அப்புறம், மூட்டையா வர்ற வெளிநாட்டுப் பழைய துணி எங்கிருந்து வந்துதுன்னு தெரியாம கை வைக்காதீங்க. பழைய துணி இறக்குமதிக்கு இந்தியாவுல லைசென்ஸ் வேணும்.

வருமான வரியில 44ஏடி-ன்னு நாம பேர் சொல்லிப் பழகின பிரிசம்ப்டிவ் ஸ்கீம் இவளுக்கு வசதி. வருஷ விற்பனை 8,55,600. டிஜிட்டலா வந்த பணத்துல குறைஞ்சது 6 சதவீதம், அதாவது 51,336 ரூபாயை லாபமா காட்டலாம். கணக்குப் புத்தகமும் கட்டாயம் இல்ல. சட்டத்துக்கு வேண்டாம்தான், ஆனா உங்களுக்கு வேணும். புத்தகம் எழுதாததாலதானே 10,170-ஐ 47,740-ன்னு நம்பிட்டு இருந்தா! இன்னொண்ணு, தொழில் வருமானம் வந்துட்டா ஐடிஆர்-1 போட முடியாது. சம்பளக்காரங்க மாதிரி வருஷா வருஷம் பழைய ரெஜிம், புது ரெஜிம்னு மாறி மாறி உக்காரவும் முடியாது. வீட்டுக் கடன் வட்டிக்காக பழைய ரெஜிம்ல இருக்கிறவங்க இதை முதல்லயே யோசிங்க.

என் அபிப்பிராயத்தை நேராவே சொல்லிடறேன். விண்டேஜ் கடை மோசமான தொழில் இல்ல. 450 அடக்கத்துல 1,150-க்கு விக்கிற பொருள் எத்தனை தொழில்ல கிடைக்கும்? ஆனா அது சரக்கு வாங்குற ஆசையைக் கட்டுப்படுத்தத் தெரிஞ்சவங்களுக்கான தொழில். துணி மேல காதல் இருக்கிறவங்கதான் இதுல இறங்குறாங்க, அந்தக் காதல்தான் அவங்க பணத்தைப் பீரோவுல பூட்டுது. என் தங்கச்சி ஒரு ஜாக்கெட்டை எட்டு மாசமா போஸ்ட்டே போடல. "குடுக்க மனசு வரலண்ணா"வாம். அது இருப்பு இல்லம்மா, அது உன் டிரஸ்.

ரெண்டு மாசம் ஒரு பீஸ் கூட வாங்கக் கூடாதுன்னு பேசி முடிவு பண்ணினோம். முதல் வாரத்துலயே ஒரு டெனிம் வாங்கிட்டு என்கிட்ட மறைச்சா, அது வேற கதை. ஒன்றரை வருஷக் குவியலை எண்ணிப் பார்த்தா 400-க்கு மேல. அதுல 90 பீஸ் ரெண்டு மாசத்துல போச்சு, பாதிக்கு மேல அடக்க விலைக்கே. சட்டைதான் வேகமா ஓடுது, புடவை நிக்குதுன்னு அப்பத்தான் அவளுக்கே தெரிஞ்சது. இனிமே சட்டை மட்டும், மாசம் 40-க்கு மேல வாங்குறதில்லன்னு அவளே எழுதி பீரோ கதவுல ஒட்டியிருக்கா. ஜிஎஸ்டி பதிவுக்கு விண்ணப்பம் போட்டாச்சு. பழைய பெங்களூர் பார்சல்களுக்கு என்ன பண்றதுன்னு நானும் அவளும் பில் பில்லா உக்காந்து பார்த்துட்டு இருக்கோம்.

மெயில் இன்னும் டிராஃப்ட்லதான் இருக்கு. அழிக்கச் சொன்னேன், மாட்டேன்னுட்டா. அஞ்சு வருஷம் முடியுற தேதியை மட்டும் சப்ஜெக்ட் லைன்ல சேர்த்திருக்கா.