மாதர் பகுதி: கையில்லாத கம்பளிச் சட்டை

ஐப்பசி பிறந்துவிட்டது. தில்லியில் ரஜாய்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் உலர்த்தும் காலம் நெருங்குகிறது. தை மாதத்து விடியலில் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு என்பதை ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு எத்தனை கடிதம் எழுதினாலும் உணர்த்த முடிவதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் கும்பகோணத்திலிருந்து வந்த எம் மாமனார், கடையில் வாங்கிய முழுக்கைச் சட்டையை அணிய மறுத்துவிட்டார். கை கால் கழுவும்போதெல்லாம் கைப்பகுதி நனைகிறதாம். கையே இல்லாத சட்டை ஒன்றை நாமே பின்னித் தருவதென்று துணிந்தோம். அதுவரை மேஜை விரிப்பைத் தவிர வேறெதுவும் பின்னியறியோம்.

புதிதாகக் கற்போருக்குக் குரோஷாவே ஏற்றதென்பது நமது அபிப்பிராயம். இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு கண் நழுவினால் வரிசை வரிசையாகக் கீழே ஓடிவிடும். குரோஷாவில் ஊசியில் நிற்பது ஒரே கண். பிழையை அவிழ்ப்பது எளிது. ஆனால் நூல் அதிகம் செல்லும், துணியும் தடிப்பாக அமையும். ஆகவே நடுத்தரக் கனமுள்ள நூலுக்கு 4.5 மில்லிமீட்டர் ஊசியை எடுத்து, கை இளக்கமாகப் பின்னுங்கள். நூல் முழுவதையும் ஒரே சாய எண் பார்த்து ஒருமிக்க வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கும் உருண்டையின் நிறம் வெயிலில் வேறாகத் தெரியும்.

முதலில் நான்கு அங்குலச் சதுரம் ஒன்று பின்னிக் கண்களை எண்ணுங்கள். பலர் சோம்பும் இடம் இதுவே. நான்கு அங்குலத்தில் 14 கண் என்றால் அங்குலத்திற்கு மூன்றரை. மார்பளவு 40 அங்குலமாயின், தளர்ச்சிக்கு 2 சேர்த்து, முன்னும் பின்னும் 21 அங்குலம் வீதம் இரண்டு நீள்சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் 74 கண்கள். சங்கிலி 76 போட்டு, மூன்றாவதில் தொடங்குங்கள். நூலை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணில் நுழைத்து இழுத்து, ஊசியிலுள்ள மூன்று வளையங்களையும் ஒரே இழுப்பில் வாங்க வேண்டும். திரும்பும்போது இரண்டு சங்கிலி. அவற்றைக் கண்ணாக எண்ணாதீர்கள்.

நாம் தவறியது இங்கேதான். ஓரக் கண்ணை விட்டுவிட்டு, விட்டது தெரியாமலே பின்னிக்கொண்டு போனோம். மேலே செல்லச் செல்லச் சட்டை கோபுரம் போல் குறுகிற்று. எண்ணிப் பார்த்தால் 61! மாமனார் சால்வையைப் போர்த்தியபடி பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. முழுவதையும் அவிழ்த்தோம். இப்போது ஒவ்வொரு வரிசையின் முதற் கண்ணிலும் கடைசிக் கண்ணிலும் வண்ண நூல் துண்டொன்றைக் கோத்துவிடுகிறோம்.

முதுகுப்புறம் 24 அங்குல உயரம். முன்புறத்தில் 20 அங்குலம் ஆனதும் நடுவில் 24 கண்களை விட்டு, இருபுறமும் 25 கண் வீதம் தனித்தனியே 4 அங்குலம் ஏற்றுங்கள்; கழுத்து சதுரமாக அமையும். தோள்களைத் தைத்து, கைக்கு 10 அங்குலம் திறந்து விட்டுப் பக்கங்களை இணைத்தால் தீர்ந்தது. தோள் சற்றே இறங்கி நிற்கும். உள்ளே சட்டை அணிவோருக்கு அது சௌகரியமே.

ஆங்கில நூல்களைப் பார்த்துப் பின்னுவோர் ஒன்று கவனிக்க. அமெரிக்கர் 'சிங்கிள்' என்பதை இங்கிலாந்தினர் 'டபிள்' என்பர். நூல் எந்நாட்டது என்று பாராமல் தொடங்காதீர்கள்.

அசல் கம்பளியை வெந்நீரில் அலசினால் சுருங்கிவிடும். குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, கிடத்தி உலர்த்துக. அக்ரிலிக் நூல் நெருப்பில் உருகும். கணப்பின் அருகே அமரும் முதியோருக்கு அது வேண்டாம்.

மாமனாரின் சட்டை அவர் ரயிலேறும் முதல்நாள் முடிந்தது. மாசி பிறந்து குளிரும் போய்விட்டிருந்தது. கும்பகோணத்து வெயிலில் அதற்கு என்ன வேலை? ஆயினும் மடித்துத் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார். கழுத்தை வளைவாகப் பின்னும் முறையை அடுத்த இதழில் எழுதுவோம்.