எடையும் உயரமும் பிழைத்தால் காசநோயாளிக்கு ஊட்டச்சத்து தவறும்: எல்லைக் கிராமங்களுக்கு ஏன் முக்கியம்?

காசநோய் உறுதியானவரின் எடையையும் உயரத்தையும் குறிப்பது வெறும் பதிவேட்டு வேலை அன்று. மருந்தின் அளவும், அரசு வழங்கும் கூடுதல் ஊட்டச்சத்தும் அந்த இரண்டு எண்களைப் பொறுத்தே அமைகின்றன. கேரளத்தின் பெருங்கடவிளை, பாறசாலை போன்ற தமிழக எல்லையோரப் பகுதிகளில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு.

காசநோயாளிகளுக்கான நிக்ஷய் போஷண் திட்டம் 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயுடன் தொடங்கியது. 2024 நவம்பர் முதல் இத்தொகை 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உடல் நிறை குறியீட்டு எண் 18.5-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு முதல் இரண்டு மாதங்கள் ஆற்றல் மிகுந்த ஊட்டச்சத்து உணவு வழங்கவும் மத்திய அரசு முடிவு செய்தது.

இங்குதான் அளவீட்டுப் பிழை நோயாளியைப் பாதிக்கிறது. 160 செ.மீ. உயரமும் 47 கிலோ எடையும் கொண்டவரின் குறியீடு 18.4, அவர் தகுதியுடையவர். உயரத்தை அளக்காமல் 157 செ.மீ. என உத்தேசமாக எழுதினால் குறியீடு 19.1 ஆகி, அவர் பட்டியலிலிருந்து விடுபடுவார்.

எடை மட்டுமே போதுமானதும் அன்று. கால் வீக்கத்தில் தேங்கும் நீர், மெலிவை மறைத்து எடையைக் கூட்டிக் காட்டும். தமிழகத்தில் 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதனாலேயே குறியீட்டுடன் கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிறர் துணையின்றி நிற்கும் திறன் ஆகியவற்றையும் பார்க்கிறது. ஆபத்தான நிலையில் உள்ளவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். நிற்க இயலாத நோயாளிகளுக்கு மேற்கைச் சுற்றளவை அளந்து மெலிவை மதிப்பிடலாம்.

இரண்டாவது அளவீடும் அதே அளவு அவசியம். ஜார்க்கண்டில் உணவுப் பொருள் வழங்கி நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு மாதங்களில் 5 சதவீதம் எடை கூடிய நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. நோயாளிகளின் குடும்பத்தினரிடையே புதிய காசநோய் பாதிப்பும் 39 சதவீதம் குறைந்தது.

1956 வரை ஒரே மாநிலமாக இருந்த நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டங்களுக்கு இடையே இன்று மாநில எல்லை உள்ளது. ஒருபுறம் சிகிச்சையைத் தொடங்கி மறுபுறம் தொடரும் நோயாளிக்கு மருந்துச் சீட்டு மட்டும் போதாது. முதல் நாள் எடை தெரிந்தால்தான், இரண்டாம் மாதத்தில் அவர் தேறுகிறாரா, மெலிகிறாரா என்பதை மருத்துவர் அறிய முடியும். நாடு முழுவதற்குமான நிக்ஷய் இணையப் பதிவு இதற்கு வழி தருகிறது. எடைகள் சரியாகப் பதியப்பட்டால் மட்டுமே அது பயன்படும்.