முதல் கப்பல் சின்னதா இருக்கட்டும்

நம்ம வீடியோக்களில் என் பின்னால் ஷெல்ஃபில் ஒரு சின்ன மரப்படகு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "அண்ணா, அது எங்க வாங்குனீங்க?" என்று நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். கிட் வாங்கி நானே செய்தது அது. ஆனால் அது என் இரண்டாவது முயற்சி. முதல் கப்பல் பாதியில் நின்றுபோய்ப் பரணில் கிடக்கிறது. அந்தக் கப்பல் எனக்கு வைத்த செலவுக் கணக்கைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

நான் வளர்ந்தது திருவொற்றியூரில். மொட்டை மாடிக்கு ஏறினால், துறைமுகத்தில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் கப்பல்கள் தூரத்தில் நிற்பது தெரியும். கீழே ரோட்டுக்கு வந்தால் கண்டெய்னர் லாரி வரிசை. இத்தனை கப்பலைப் பார்த்து வளர்ந்தும் ஒன்றிலும் கால் வைத்ததில்லை. அந்த ஆசைதான். 2022 ஜனவரியில், சம்பளம் கொஞ்சம் ஏறிய கையோடு, ஆன்லைனில் ஒரு பெரிய போர்க்கப்பல் கிட் ஆர்டர் போட்டேன். மூன்று பாய்மரம், இரண்டு பக்கமும் பீரங்கி. விலை 28,000 ரூபாய். ஒன்பது மாத நோ காஸ்ட் இஎம்ஐ.

இங்கே ஒரு நிமிஷம். நோ காஸ்ட் என்றால் வட்டியே கிடையாது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் பேங்க் வட்டி போடும், அந்தத் தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான் விழும். பிராசஸிங் ஃபீ இருந்தால் அதுவும்.

மாதம் 3,100 சொச்சம் இஎம்ஐ கட்ட, அவசரத் தேவைக்காகப் போட்டுக்கொண்டிருந்த 3,000 ரூபாய் ஆர்.டி.யை மூடினேன். "ஒன்பது மாசம்தானே, திரும்ப ஆரம்பிச்சுக்கலாம்." இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிட்டைப் பிரித்தேன். இந்த வகை மாடலில் முதலில் கப்பலின் முதுகெலும்பு மாதிரி ஒரு அடிக்கட்டை. அதன் குறுக்கே விலா எலும்பு மாதிரி சட்டங்கள். அவற்றின் மேல் மெல்லிய மரப்பட்டைகளை ஒவ்வொன்றாக ஊற வைத்து, வளைத்து, ஒட்ட வேண்டும். முன்பக்கத்தில் கப்பல் குறுகும் இடத்தில் பட்டையையும் சீவிக் குறுக்க வேண்டும். எனக்கு எதுவும் தெரியாது. வலது பக்கம் முழுக்க ஒட்டிவிட்டு அப்புறம் இடது பக்கம் போகலாம் என்று வேகமாக ஒட்டினேன். இரண்டாவது வாரம் நேராகப் பிடித்துப் பார்த்தால், கப்பல் வாழைப்பழம் மாதிரி ஒரு பக்கமாக முறுக்கியிருந்தது. இன்னும் பாய்மரமும் நூறு நூறு கயிறும் பாக்கி. பெட்டியை மூடிப் பரணில் போட்டேன். இஎம்ஐ மட்டும் நிற்காமல் ஓடியது.

செப்டம்பரோடு இஎம்ஐ முடிந்தது. ஆர்.டி.யைத் திரும்ப ஆரம்பித்தேனா? இல்லை. கையில் மிஞ்சிய 3,000 எங்கே போனது என்று கேட்டால் இப்போதும் பதில் தெரியாது.

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்ததே, அதே மழை. எங்கள் வீடு தரைத்தளம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, என் பைக் எல்லாம் தண்ணீருக்குள். வீட்டில் சொட்டுத் தண்ணீர் படாமல் இருந்தது பரண் மேல் இருந்த அந்தக் கப்பல் பெட்டி மட்டும்தான்! அப்பா அண்ணாந்து அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டை மறுபடி நிமிர்த்த 52,000 ரூபாய் ஆனது. கையில் இல்லை. கிரெடிட் கார்டைத் தேய்த்தேன், மினிமம் ட்யூ மட்டும் கட்டித் தள்ளினேன். பல கார்டுகளில் இதற்கு வட்டி மாதம் 3.5 சதவீதம் வரை போகும். வருஷத்துக்கு 42. அடைத்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

கணக்குப் பாருங்கள். 2022 ஜனவரியிலிருந்து 2023 நவம்பர் வரை 23 மாதம். மாதம் 3,000 என்றால் 69,000 ரூபாய். அந்த ஆர்.டி. ஓடியிருந்தால் வெள்ளச் செலவு போக மிச்சமே இருந்திருக்கும். 28,000 ரூபாய் செலவு செய்தது தப்பில்லை. அதற்காக வேறொன்றை நிறுத்தியதுதான் தப்பு.

கடன் அடைந்த பிறகு, காசிமேட்டில் விசைப்படகுகளைப் பழுது பார்க்கும் இடத்துக்கு ஒருநாள் போனேன். அங்கே ஒரு வயதான ஆசாரியிடம் போனில் என் கோணல் கப்பலின் படத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"ஒரு பக்கமே பலகை அட்ச்சிகினு போனா முறுக்காம இன்னா தம்பி பண்ணும்? இந்தப் பக்கம் ஒண்ணு அட்ச்சா அந்தப் பக்கம் ஒண்ணு அடிக்கணும்."

அவர் படகைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு என் பேங்க் ஸ்டேட்மென்ட் ஞாபகம் வந்தது.

அதனால் என் கருத்து இது. பொழுதுபோக்குக்குச் செலவு பண்ணுங்கள், தாராளமாக. ஷிஃப்ட் முடித்து, எக்ஸ்பிரஸ்வே டிராஃபிக்கில் ஊர்ந்து வீட்டுக்கு வந்து, மறுபடி போனைப் பார்ப்பதற்கு, ஒரு மரப்பட்டையை அரை மணி நேரம் உப்புத்தாளால் தேய்ப்பது எவ்வளவோ மேல். ஆனால் முதல் கப்பல் சின்னதாக இருக்கட்டும். கடனில் வாங்காதீர்கள்.

சின்னது என்றால் எது? அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ் கம்பெனி ஆரம்பநிலைக்காரர்களுக்கென்றே மூன்று கிட் வரிசையாக வைத்திருக்கிறது. முதலில் டோரி என்ற சின்ன மீன்பிடிப் படகு, அடுத்தது நார்வே நாட்டு பாய்ப்படகு, மூன்றாவதாகத்தான் சிங்கிறால் பிடிக்கும் கொஞ்சம் பெரிய படகு. கிட் விற்கிறவனே போர்க்கப்பலில் ஆரம்பிக்கச் சொல்லவில்லை! என் ஷெல்ஃபில் இருப்பது டோரிதான்.

அதற்கும் காசு இல்லையா? பழைய மரத்துண்டுகளைச் சீவி, கயிற்றால் கட்டி ஒரு கட்டுமரம் செய்யுங்கள். பலகை வளைக்கும் வேலையே கிடையாது. இங்கிலீஷ்காரன் கேட்டமரன் என்று எடுத்துக்கொண்ட சொல் நம்முடையது. இன்றைக்கு நம் கரையில் பெரும்பாலும் ஃபைபர் படகுதான். உங்கள் மேஜையிலாவது ஒரு கட்டுமரம் இருக்கட்டுமே.

பட்ஜெட் போடும்போது பெட்டி விலையை மட்டும் பார்க்காதீர்கள். வெளிநாட்டு கிட் என்றால் கூரியரும் சுங்க வரியும் சேரும். கருவிகளுக்கு ஆரம்பத்தில் ஒரு நல்ல கத்தி, உப்புத்தாள், மரப்பசை, கைத்துளைப்பான், துணி காயப்போடும் கிளிப் ஒரு டஜன் போதும். மெஷின் எல்லாம் முதல் படகு முடிந்த பிறகு.

நான் மாதம் 600 ரூபாய் தனியாக எடுத்து வைத்தேன். டோரி கையில் வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. அந்தக் காத்திருப்பும் ஒரு சோதனைதான். ஒரு வருஷம் கழித்தும் ஆசை இருந்தால் அது உண்மையான ஆசை. மூன்றே மாதத்தில் மறந்துபோனால் பணம் மிச்சம்.

"இதுல சைடு இன்கம் வருமாண்ணா?" வராது. வரவும் வேண்டாம். ஓய்வு நேரமும் சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற அவசரத்தில்தான் நம் வயசுக்காரர்கள் பலர் எஃப் அண்ட் ஓ பக்கம் போகிறார்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபி 2024 செப்டம்பரில் சொன்னது. மரப்படகில் அதிகபட்ச நஷ்டம் எவ்வளவு என்பது வாங்கும் அன்றைக்கே தெரியும். கிட்டின் விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய் போகாது.

ஒரு விஷயம் மட்டும். கிரெடிட் கார்டு பாக்கி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை முடியுங்கள். கட்டுமரம் கட்டிக்கொண்டே முடியுங்கள், கிட் அப்புறம்.

பரணில் இருந்த பெரிய கப்பலை இப்போது கீழே இறக்கிவிட்டேன். பசையை ஈரப்படுத்தி, ஒட்டிய பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். பாதி உடைகிறது, பாதி தேறுகிறது. போன வாரம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கிளிப் பிடித்தார். எப்போது முடியும் என்று தெரியாது, அவசரமும் இல்லை. ஆர்.டி. மாதம் 5-ம் தேதி போகிறது, கப்பலுக்கான 600 ரூபாய் 6-ம் தேதி. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு.

உங்க வீட்டுப் பரணில் என்ன கிடக்கு? இந்த ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பாருங்கள். அதற்காக எதை நிறுத்தினீர்கள் என்று ஒரு கணக்கும் போட்டுவிடுங்கள்.